இங்கிலாந்திலிருந்து வந்த பதில்

சம்பந்தி,

இன்று காலை குளிர் தாங்கவில்லை. அலமாரியைத் திறந்து உங்கள் மெரூன் மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். பூச்சி உருண்டை வாசம் குப்பென்று ஏறியது. மஃப்ளருக்கு அடியில் அந்தக் கண்ணாடி ஃபிரேம் குப்புறக் கிடந்தது. அதைத் திருப்பிப் பார்க்காமல் அலமாரியைச் சாத்தினேன். ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு போன் அடித்திருக்கும். "சம்பந்தி, வெண்டிட்டம்" அல்லது "சம்பந்தி, பிறகும் தோத்திட்டம்." இரண்டிலொன்று. "நாமளா ஆடினோம்?" என்று நான் வெடுக்கென்று கேட்பேன். "ஓம், நாங்கள்தான்" என்பீர்கள், கொஞ்சமும் சிரிக்காமல்.

இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு மில் ஊர். அங்கே கீழ் டிவிஷனில் கிடந்து உழலும் ஒரு ஃபுட்பால் கிளப். உலகத்தின் இந்தக் கோடியில், ஹோம்புஷ் ஃபிளாட்டில் தனியாக இருந்துகொண்டு, வாழ்நாளில் ஒரு தடவைகூட நேரில் பார்க்காத அந்த கிளப்புக்காக நீங்கள் வாரா வாரம் வெல்வதும் தோற்பதும் எனக்கு ஆரம்பத்தில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஃபிரேமுக்குள் இருக்கும் கடிதத்தை கிளப் எழுதவில்லை. கெல்லிவில்லில் என் பெண் வீட்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் எழுதினேன். நீங்கள் இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் முதல் சந்திப்பு ஞாபகம் இருக்கிறதா? என் பெண்ணுக்கும் உங்கள் பையனுக்கும் நிச்சயம் பேச வந்தோம். மதுரையிலிருந்து விமானத்தில் வந்திறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை எனக்கு. கதவைத் திறந்த நீங்கள், "வாங்கோ, கதிரையில இருங்கோ, ஆறுதலாக் கதைப்பம்" என்றீர்கள். எனக்குப் பகீர் என்றது. ஆறுதல் சொல்கிற அளவுக்கு இந்த வீட்டில் என்ன நடந்துவிட்டது, யாராவது தவறிவிட்டார்களா என்று என் பெண்ணின் தொடையைக் கிள்ளினேன். அவள் காதோடு சொன்னாள்: "அவங்க பேச்சில ஆறுதலான்னா நிதானமா, அவசரமில்லாமன்னு அர்த்தம்மா." அதைக் கேட்டு நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து என்னைக் கண்டால் வேண்டுமென்றே அந்தச் சொல்லை ஒரு தடவையாவது போடுவீர்கள். ஆறுதலாச் சாப்பிடுங்கோ, ஆறுதலா நடவுங்கோ, ரெயில் அடுத்தது வரும், ஆறுதலா ஏறுங்கோ.

உங்கள் கேலி எனக்குப் பிடிக்கும், என் இங்கிலீஷைத் தொடாதவரைக்கும். முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் நான். ஒரு நாள் குப்பைத் தொட்டியை எடுக்க வரவில்லை என்று கவுன்சிலுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதி வைத்திருந்தேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தீர்கள். "ரெஸ்பெக்டட் சேர் எண்டு இங்க ஒருத்தரும் எழுதுறேல்லை, சம்பந்தி. இது கந்தோர் இங்கிலிசு. நானும் தபால் கந்தோரில இருந்தனான், எனக்குத் தெரியும்." மாப்பிள்ளை சிரித்தார். என் பெண்ணும், பெற்ற பெண், சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு இவ்வளவு நீளமான வால் இருக்கும் என்று அன்று தெரியாது.

பிறகு ஒரு ஞாயிறு நீங்கள் கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தீர்கள். கோடு போட்ட தாள், தமிழில் பதினொரு பக்கம், இரண்டு பக்கமும் ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல். கிளப் தன் பழைய வரலாற்றைத் தொகுக்கிறதாம். உலகத்தில் எங்கேயிருந்தாலும் ரசிகர்கள் தங்கள் கதையை எழுதி அனுப்பலாம் என்று அவர்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததை மாப்பிள்ளை காட்டியிருக்கிறார்.

"வாசிக்கிறதுக்கு என்ர இங்கிலிசு காணும், சம்பந்தி. மனசில இருக்கிறதைச் சொல்லக் காணாது. நீங்கள் ஒருக்கா மாத்தித் தருவியளோ?"

"தாங்க, பார்க்கிறேன்."

"அவசரமில்லை. ஆறுதலாச் செய்யுங்கோ."

இரண்டு பக்கம் ஒழுங்காகத்தான் செய்தேன். அந்த கிளப்பின் பிறப்பை நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறப்பைச் சொல்வதுபோல எழுதியிருந்தீர்கள். மில்லில் வேலை செய்த பையன்கள், சர்ச்சுக்காகக் கோடையில் கிரிக்கெட் ஆடியவர்கள். குளிர்காலம் வந்தால் கூடுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று ஃபுட்பால் தொடங்கினார்கள். பாதிரியார் ஒரு பந்து வாங்கிக் கொடுத்தார், ஞாயிறு தவறாமல் பைபிள் வகுப்புக்கு வர வேண்டும் என்ற பேச்சோடு. பந்தை வாங்கிக்கொண்டவர்கள் வகுப்புக்குப் போகவில்லை. கோல் கம்பத்துக்கு மேல்கட்டை கிடையாது, ஒரு கயிறுதான். உடுப்பு மாற்றக் கள்ளுக்கடைக்குப் பின்னால் ஒரு குதிரை லாயம். மில்லில் மிஞ்சிய துணி மெரூன் என்பதால் சட்டையும் மெரூன். படித்து நானே சிரித்தேன்.

மூன்றாம் பக்கத்தில் முட்டிக்கொண்டது. 'கிளப் ஐந்து தரம் இடம்பெயர்ந்தது' என்று எழுதியிருந்தீர்கள். மாட்டுக்குப் புல் வேண்டும் என்று முதல் மைதானத்துச் சொந்தக்காரன் விரட்டினான். அடுத்த மைதானத்தின் குறுக்கே ரயில் பாதை வந்தது. இப்படி ஐந்து. நான் உடனே போன் போட்டேன்.

"சம்பந்தி, மைதானம் மாத்தினாங்கன்னு எழுதணும். இடம்பெயர்ந்ததுன்னா அகதி மாதிரி இருக்கு. படிக்கிறவங்க தப்பா எடுத்துக்குவாங்க."

உங்கள் பக்கம் ரயில் ஒன்று போனது.

"ஒண்டுதான், சம்பந்தி. மாட்டுக்காரன் கலைச்சா என்ன, ஆர் கலைச்சா என்ன. பந்தையும் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனவைதானே."

"ஒண்ணு இல்லை. சொல்லுன்னா அதுக்கு ஒரு அளவு இருக்கு."

"சரி, உங்களுக்குத் தெரியாததோ. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ."

பார்த்துச் செய்தேன், நன்றாகப் பார்த்துச் செய்தேன். பதினொரு பக்கத்தையும் அப்படியே மடித்து சமையலறை டிராயரில், மைக்ரோவேவ் வாங்கியபோது வந்த புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். கோபம் ஆறட்டும் என்று வைத்தது. கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு டிராயரைத் திறக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. சோம்பல். அப்புறம், ஒரு கிளப்பின் கதை, ஃபுட்பால் பித்துப் பிடித்த ஒருவர் எழுதியது, இதில் என்ன தலை போகிற காரியம் என்ற இளக்காரம். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நாலு மாதம் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டும்போது, "அது முடிஞ்சுதோ, சம்பந்தி?" என்றீர்கள். நான் யோசிக்கக்கூட இல்லை. "அனுப்பியாச்சே!" என்றேன். உங்கள் முகம் அப்படி மலர்ந்தது. "அனுப்பிட்டியளோ! சொல்லவேயில்லை!" என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்து என் பெண்ணிடம் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தீர்கள்.

அந்த ராத்திரியே உட்கார்ந்து முடித்து அனுப்பியிருந்தால் பொய் உண்மையாகியிருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். ஞாயிறு தோறும் ஸ்கோருக்குப் பின்னால் இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது. "பதில் வந்ததோ?" என் ஈமெயில் முகவரிக்குத்தான் பதில் வரும் என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். "அங்கெல்லாம் மெதுவாத்தான் நடக்கும்" என்பேன். "ஓமோம், அவைக்கும் வேலை இருக்கும்" என்பீர்கள். கேட்கும் குரல் வாரா வாரம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

அதனால்தான் பதிலை எழுதினேன். உங்களை சந்தோஷப்படுத்த எழுதினேன் என்று சொன்னால் அது அடுத்த பொய். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க எழுதினேன். இணையத்திலிருந்து கிளப்பின் சின்னத்தை எடுத்து மேலே ஒட்டினேன். ரெஸ்பெக்டட் சாரை ஜாக்கிரதையாகத் தவிர்த்து 'டியர் சார்' என்று போட்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். தங்கள் கடிதம் கிடைத்தது, மிகுந்த மகிழ்ச்சியோடு வாசித்தோம், எங்கள் கிளப்பின் மீது தாங்கள் கொண்ட அன்புக்குத் தலைவணங்குகிறோம் என்று நாலு வரி. லைப்ரரியில் கலர் பிரிண்ட்.

ஹோம்புஷ் தோசைக்கடையில் வைத்துத்தான் கொடுத்தேன். சாம்பார் கையை டிஷ்யூவில் துடைத்து, போதாதென்று எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்து வாங்கினீர்கள். ஒரு தடவை படித்தீர்கள். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தீர்கள். வெறும் வெள்ளை. மறுபடி முதலிலிருந்து படித்தீர்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தீர்கள்.

"நல்ல வடிவான இங்கிலிசு. உங்கட இங்கிலிசு மாதிரியே இருக்கு."

நான் மண்டு, அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கவுன்சில் கடிதத்தைக் கேலி செய்தவருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன்.

"ஆறுதலா எழுதியிருக்கினம்" என்றீர்கள், தாளை மடித்துக்கொண்டே.

"ஆமா, நான்தான் சொன்னேனே, நிதானமாத்தான் பதில் போடுவாங்க."

நீங்கள் என் தட்டைப் பார்த்து, "தோசை ஆறுது, சாப்பிடுங்கோ" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. ஸ்கோர் மட்டும். பதில் பற்றி அதற்குப் பிறகு நீங்கள் பேசவே இல்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடிதம் கண்ணாடி போட்டு உங்கள் ஹாலில் தொங்கியது. வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாராவது கேட்டால், "சம்பந்தியின்ர புண்ணியம்" என்பீர்கள்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நெஞ்சுவலி என்று போனீர்கள், வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போதுகூட "போட்டு வாறன்" என்றுதான் சொன்னீர்களாம். தகன மண்டபத்தில் மாப்பிள்ளை எழுந்து அந்தக் கடிதத்தை வாசித்தார். "அப்பாவுக்கு இங்கிலாந்திலேயிருந்தே பதில் வந்தது. அது அவருக்குப் பெரிய சந்தோஷம்." பின்வரிசையில் யாரோ ஓர் அங்கிள் "ஆஹா" என்றார். முன்வரிசையில் நான், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம், எவ்வளவு பாசம் என்று பக்கத்தில் இருந்த ஆன்ட்டி என் முதுகைத் தடவினார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது, சம்பந்தி.

ஆறு வாரத்துக்கு முன் ஃபிளாட்டைக் காலி செய்து, மஃப்ளரையும் ஃபிரேமையும் மாப்பிள்ளை இங்கே கொண்டுவந்தார். "அப்பாவின்ர பொக்கிஷம், மாமி" என்று ஹாலிலேயே ஆணி அடித்து மாட்டினார். அன்று மாலை பேத்தி ஸ்கூலிலிருந்து வந்தாள். கையில் டோஸ்டோடு ஃபிரேமுக்கு முன்னால் நின்றாள். படித்தாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மாச்சி! திஸ் இஸ் சோ யூ!"

"என்னடி?"

"'தி சேம் வாஸ் ரெட் வித் கிரேட் ஹேப்பினஸ்' ஆம்! கடைசியில 'தேங்கிங் யூ'! இங்கிலாந்தில யாரும் இப்படி எழுத மாட்டாங்க. நீங்க எங்க டீச்சருக்கு லீவ் லெட்டர் எழுதுவீங்களே, அதே மாதிரி."

"அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் எழுதுவாங்க. போய் டிரெஸ்ஸை மாத்து."

அவள் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். டோஸ்ட் தின்றுகொண்டே பத்து வினாடியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். தபால் கந்தோரில் ஆயுசெல்லாம் கடிதத்தோடு வாழ்ந்த மனுஷன், இரண்டு தடவை படித்தவர், கண்டுபிடிக்காமலா இருந்திருப்பார்? உங்கட இங்கிலிசு மாதிரியே இருக்கு. ஐயோ, எவ்வளவு வெட்டவெளிச்சமாகச் சொன்னீர்கள்.

டிராயரைத் திறந்தேன். மைக்ரோவேவே பழுதாகித் தூக்கிப் போட்டாகிவிட்டது, புத்தகம் அப்படியே கிடந்தது, அதற்கு அடியில் உங்கள் தாள்களும். நின்றுகொண்டே படித்தேன், மூன்றாம் பக்கத்திலிருந்து.

நான் படிக்காமல் விட்ட பக்கங்களில் இன்னொரு கிளப் இருந்தது. உங்கள் ஊர் வாசிகசாலைப் பையன்களின் கழகம். வாசிகசாலைக்கு யாரோ கட்டாகக் கொடுத்த பழைய பத்திரிகைகளில் இந்த மில் ஊர்க் கதையை நீங்கள் படித்து மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களும் நம்மைப்போலத்தான் என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். உங்கள் கோல் கம்பத்துக்கும் கயிறுதான் மேல்கட்டை. வெள்ளைச் சட்டைகளை அண்டாவில் போட்டு நீங்களே மெரூன் சாயம் தோய்த்தீர்கள். முதல் ஆட்டத்திலேயே மழை. சாயம் கரைந்து கால்வரை ஓடி, அன்றிலிருந்து ஊரெல்லாம் உங்களுக்கு 'பீற்றூட் கோஷ்டி' என்று பெயர். பிறகு சண்டை வந்து நீங்களும் இடம்பெயர்ந்தீர்கள். ஒரு தரம், இரண்டு தரம், ஐந்தாம் தரத்தோடு பந்து இல்லை, கழகத்தின் குறிப்புப் புத்தகமும் இல்லை. அந்த மூன்றாம் பக்கத்துச் சொல்லை நீங்கள் ஏன் எழுதினீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. நான் அதற்கு அளவு சொன்னேன், உங்களுக்கு.

பதினோராம் பக்கம் வெறும் பட்டியல். கோல் கீப்பர், நெட்டைக் குணம், இல்லை. ரைட் பேக், மணியம், கனடா. சென்டர் பேக், யோகன், காணேல்லை. இப்படியே ஒவ்வொருவராக. பேர், ஆடிய இடம், இப்போது எங்கே. லெஃப்ட் பேக் என்ற இடத்தில் மட்டும் பேர் இல்லை, 'இதை எழுதுகிறவன்' என்று இருந்தது. கீழே கடைசி மூன்று வரி:

'எங்கட கழகத்தின்ர புத்தகம் துலைஞ்சு போச்சுது. உங்களிட்டைப் புத்தகம் இருக்கு. அதில ஒரு மூலையில இந்தப் பதினொரு பேரையும் எழுதி வைப்பியளோ? இது ஒண்டுதான் என்ர கேள்வி.'

பதினொரு பக்கமும் இந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதிக் கொடுத்த பதிலில் அன்பு உண்டு, மகிழ்ச்சி உண்டு, தலைவணக்கம் உண்டு. அந்தக் கேள்விக்கு ஆமாம் இல்லை என்று ஒரு சொல் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பி எதைத் தேடினீர்கள் என்று இப்போது தெரிகிறது. பதில் எழுதியது நான் என்று மட்டுமில்லை, நான் கடைசிவரை படிக்கவே இல்லை என்பதும் அந்தத் தோசைக்கடையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் தோசை ஆறுது என்றீர்கள். தெரிந்துகொண்டுதான் கண்ணாடி போட்டு மாட்டினீர்கள். என்னைத் திட்டியிருக்கலாம். உங்கள் பேச்சில் 'பேசியிருக்கலாம்.' ஒரு வார்த்தை நீங்கள் என்னைப் பேசவில்லை.

மாப்பிள்ளையிடம் அன்றே சொன்னேன். ஃபிரேமைக் கழற்றி மேஜையில் வைத்து, பக்கத்தில் உங்கள் தாள்களை வைத்து, உட்காராமல் நின்றே சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பதினொரு பக்கத்தையும் படித்தார். பட்டியலுக்கு வந்தபோது விரல் நின்றது.

"குணம் மாமா" என்றார். "இடம்பெயரேக்க என்னைத் தோளில தூக்கிக்கொண்டு நடந்தவர்."

தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு, "அனுப்புங்கோ, மாமி" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஃபிரேமைத் திரும்ப மாட்டவுமில்லை, எறியவுமில்லை. மஃப்ளரோடு அலமாரியில் வைத்தார்.

மூன்று நாளில் முடித்து கிளப்புக்கு அனுப்பினேன். மூன்று நாள்தான் ஆயிற்று, சம்பந்தி, இவ்வளவுக்கும். கிளப் ஐந்து தரம் இடம்பெயர்ந்தது என்ற இடத்தில் அகதிக்குப் போடும் அதே சொல்லைத்தான் போட்டேன். 'இல்லை' என்பதற்கும் 'காணேல்லை' என்பதற்கும் இரண்டு வேறு சொற்கள் போட்டேன். லெஃப்ட் பேக் இடத்தில் உங்கள் பேரை முழுசாக எழுதி, பக்கத்தில் நீங்கள் மற்றவர்களுக்குப் போட்டதுபோல 'இல்லை' என்று போட்டேன். அதை டைப் அடிக்கும்போது மட்டும் எழுந்து கொஞ்சம் தோட்டத்தில் நடந்துவிட்டு வர வேண்டியிருந்தது. கீழே, எழுதியவர் காலமாகிவிட்டார், தாமதம் முழுக்க என்னுடையது என்று ஒரு வரி. கடைசியில் என்ன போட்டு முடிப்பது என்று யோசித்தேன். 'தேங்கிங் யூ' என்றே போட்டேன். என் இங்கிலீஷ் மாதிரியே இருக்கட்டும்.

ஆறுதலா எழுதியிருக்கினம் என்றீர்களே, அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். உங்கள் பேச்சில் சொன்னீர்களா, என் பேச்சில் சொன்னீர்களா? நேரம் எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்றா, இந்தப் பொய்கூட எனக்கு ஓர் ஆறுதல்தான் என்றா? எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் தாங்கவில்லை.

பதினொரு பேரும் எனக்கு மனப்பாடம். பாத்திரம் தேய்க்கும்போது வாய் தானாகச் சொல்கிறது, கோல் கீப்பரிலிருந்து. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஃபோனை எடுத்து முதலில் ஸ்கோர் பார்க்கிறேன். இன்றைக்குத் தோற்றுவிட்டோம், இரண்டுக்கு ஒன்று. பிறகு ஈமெயிலைத் திறக்கிறேன்.

பதில் வரவில்லை, சம்பந்தி. இந்தத் தடவை உண்மையாகவே வரவில்லை.